மழையும் வெயிலும் மாறி மாறி வரும் நாளில் வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றுவது எப்படி?

கேட்டவர் தைப்பொங்கலுக்குக் குடும்பத்தோடு வெளிநாட்டிலிருந்து, யாழ்ப்பாணத்தின் வடக்குக் கரையிலுள்ள வல்வெட்டித்துறைக்கு வருகிறார். பிள்ளைகளோடு சேர்ந்து ஆறடிப் பட்டம் ஒன்று கட்டி ஏற்ற ஆசை. முன்பு வந்தபோது நாள் முழுக்க மழையும் வெயிலும் மாறி மாறி வந்ததால் பாதி நேரம் கரையிலேயே காத்துக்கிடந்தார்களாம்; கடைசியில் ஏற்றிய பட்டமும் அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். இப்படிப்பட்ட நாளில் எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது, இரவில் விண் (பட்டத்தில் கட்டும், காற்றில் கூவும் வில்) பூட்டி அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் இறக்குவதைப் பற்றியே சொல்கிறேன். ஏற்றுவதற்குக் கரையில் நிற்கும் எல்லோரும் கைகொடுப்பார்கள். ஒருவர் தூக்கிப்பிடிப்பார், இன்னொருவர் வாலைச் சிக்கெடுப்பார், கேட்காமலேயே யோசனை சொல்லப் பத்துப்பேர் வருவார்கள். மழை கறுத்துக்கொண்டு வரும்போது நூலோடு நிற்பது நீங்களும் உங்கள் பிள்ளைகளும்தான். ஆகவே நிலையில்லாத நாளில் எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று: உங்கள் பட்டத்தை முழுதாக இறக்கி, மடக்கி, கூரைக்குள் கொண்டுபோக எவ்வளவு நேரம் எடுக்கும்? அதைப் பொங்கலுக்கு முதல்நாளே, நல்ல காற்றில், ஒருமுறை இறக்கிப் பார்த்து அறிந்துகொள்ளுங்கள். ஆறடிப் பட்டம், முந்நூறு மீற்றர் நூல், பழக்கமான இரண்டு பெரியவர்கள் என்றால் பத்து நிமிடம் என்று வைக்கலாம். புதியவர்களுக்கு அதைவிடக் கூடும்.

இந்தப் பத்து நிமிடத்தைக் கடலோடு பொருத்திப் பாருங்கள். கரையில் நிற்கும் சராசரி உயரமுள்ள ஒருவரின் கண்ணுக்குத் தெரியும் கடல் விளிம்பு எவ்வளவு தூரம் என்று நினைக்கிறீர்கள்? பலர் இருபது, முப்பது கிலோமீற்றர் என்பார்கள். உண்மையில் 5 கிலோமீற்றர்கூட இல்லை. மழைக்கூட்டம் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் அந்த 5 கிலோமீற்றரைக் கடக்கப் பத்து நிமிடம்தான் எடுக்கும். அதாவது கடல் விளிம்பின் கோடு மழையில் மங்கிவிட்டது என்றால் உங்களிடம் இருந்த நேரம் முடிந்துவிட்டது. அதற்கும் மேலாக, மழைக்கு முன்னால் அதன் காற்று ஓடி வரும். மழைத்துளி மேலே படுவதற்குப் பல நிமிடங்கள் முன்பே பட்டத்தை அது பிடித்துவிடும்.

அதனால் வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்றின் காலத்தில் கண்ணை வைத்திருக்க வேண்டிய பக்கம் வடகிழக்கும் கிழக்கும். தெற்கே, நெல்லியடிப் பக்கம் எவ்வளவு கறுத்திருந்தாலும் அது பெரும்பாலும் எங்களைக் கடந்து போன மழை. கடல் பக்கத்தில் மேகத்தின் அடி கறுத்து, ஆனால் அதன் கீழே கடற்கோடு கத்தியால் கீறியது போலத் தெளிவாகத் தெரிந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. நூலைக் குறைக்கத் தொடங்கலாம். அந்தக் கோட்டின் ஒரு துண்டு சாம்பல் நிறமாகக் கரைய ஆரம்பித்தால், பேச்சு வேண்டாம், இறக்குங்கள். பக்கத்தில் நிற்பவர் “அது பருத்தித்துறைப் பக்கம் போயிடும்” என்று சொல்லுவார். போகட்டும். திரும்ப ஏற்றுவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

ஒரு மழைக்கூட்டம் கடந்து போகும்போது காற்று என்ன செய்கிறது என்று தெரிந்தால் காத்திருப்பும் பாதியாகக் குறையும். வழக்கமான ஒழுங்கு இதுதான். கூட்டம் நெருங்கும்போது இதுவரை ஒரே சீராக அடித்த வாடை தளரும். சிலவேளை முற்றாகவே நின்றுபோகும். பட்டம் மெதுவாகத் தாழும், நூல் தொய்யும். பழக்கமில்லாதவர்கள் “காற்று விழுந்துட்டுது” என்று நூலை இன்னும் விட்டுப் பட்டத்தை மேலே அனுப்பப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் செய்யக்கூடாத வேலை அது. அடுத்த சில நிமிடங்களில், மழையோடு மேலேயிருந்து கீழே இறங்கிய குளிர்ந்த காற்று நிலத்தில் மோதிப் பரவி வரும். முகத்தில் சில்லென்று படும், திசையும் மாறியிருக்கும், வேகம் ஒரே அடியில் இரண்டு மடங்காகும். அறுந்துபோகும் பட்டங்களில் கனக்க இந்தக் கட்டத்தில்தான் அறுகின்றன. உங்கள் பட்டமும் அப்படித்தான் போயிருக்கும் என்பது என் ஊகம்.

மழை கடந்த பிறகு இன்னொரு காற்றில்லாத இடைவெளி வரும். மழை குளிர வைத்த காற்று கொஞ்ச நேரம் நிலத்தோடு அப்படியே தேங்கி நிற்கும். வெயில் எறித்துவிட்டதே என்று பிள்ளைகள் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பட்டம் பத்தடி எழும்பி மணலில் குத்தும். இந்த நேரத்தில் நூலைக் காய வையுங்கள், கிழிசலை ஒட்டுங்கள், தேத்தண்ணி குடியுங்கள். வெயில் தொடர்ந்து விழுந்து நிலம் சூடேறியதும் கடற்காற்று வாடையோடு சேர்ந்துகொள்ளும். கரையோரப் பனைகளின் ஓலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, விடாமல் சலசலக்கத் தொடங்கும்போது ஏற்றுங்கள். ஓலை ஒருக்கால் அடித்து ஒருக்கால் ஓய்ந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

அதே காரணத்தால்தான் விடியக்காலையில் எழும்பிக் கரைக்கு ஓடுவதில் பயனில்லை. இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்வதால் நிலக்காற்று கடலை நோக்கி நகரும். அது வாடைக்கு எதிராக நின்று கரையோரத்தில் அதைத் தளர்த்திவிடும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறி, பின்னேரம் உச்சத்துக்கு வரும். பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையில் பட்டப் போட்டி பின்னேரத்தில் சூடுபிடிப்பது, பொங்கிப் படைத்துச் சாப்பிட்டு முடித்த பிறகு சனம் வருகிறது என்பதால் மட்டுமல்ல. காற்றும் அப்போதுதான் வருகிறது. மழைநாளில் இந்தக் கணக்குக் குழம்பும், உண்மைதான். ஆனாலும் காலையைவிடப் பின்னேரத்து இடைவெளி எப்போதும் மேல்.

காலநிலை அறிக்கையைப் பார்க்கிறீர்கள் என்றால் கைத்தொலைபேசியில் வரும் மழைப் படத்தை மட்டும் நம்பாதீர்கள். வளிமண்டலவியல் திணைக்களம் மீனவர்களுக்காகக் கடற்பரப்பு அறிக்கை தருகிறது. அதில் புத்தளத்திலிருந்து மன்னார், காங்கேசன்துறை ஊடாகத் திருகோணமலை வரையான பகுதிக்குக் காற்றின் திசையும் வேகமும் இருக்கும். மணிக்கு 20 முதல் 30 கிலோமீற்றர் என்றால் ஆறடிப் பட்டத்துக்கு அருமையான நாள். 40ஐத் தொட்டால் சின்னப் பட்டம் மட்டும். அதைத் தாண்டிச் சொன்னால் அன்றைக்குப் பார்வையாளராக இருங்கள். அறிக்கை பார்க்காவிட்டாலும் கடலே சொல்லும்: அங்குமிங்கும் வெள்ளை நுரை உடையத் தொடங்கினால் ஏற்றலாம், கடல் முழுக்க வெள்ளையாகத் தெரிந்தால் பெரிய பட்டத்தை வெளியே எடுக்காதீர்கள்.

இந்த வேகக் கணக்கை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பட்டம் இழுக்கும் இழுவை இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். ஆறடி நீளம், ஆறடி அகலம் உள்ள பட்டம் மணிக்கு 18 கிலோமீற்றர் காற்றில் கிட்டத்தட்ட 4 கிலோ இழுக்கும். பத்து வயதுப் பிள்ளை பிடித்துக்கொண்டு நிற்கலாம். அதே பட்டம் 36 கிலோமீற்றர் காற்றில் 16 கிலோ அளவுக்கு இழுக்கும். பிள்ளையின் கையில் நைலோன் நூல் அறுத்துவிடும். பட்டம் பன்னிரண்டடி என்றால், அதே 36 கிலோமீற்றர் காற்றில் அறுபது கிலோவைத் தாண்டும். வளர்ந்த ஒரு மனிதரின் எடை அது. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கத்தில் எடுத்த காணொளி ஒன்று உலகம் முழுக்கச் சுற்றியது நினைவிருக்கும். பலர் சேர்ந்து பெரிய பட்டம் ஒன்றை ஏற்றும்போது மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, பிடித்தபடி நின்ற ஒருவர் அந்தரத்தில் தூக்கப்பட்டார். உயிர் தப்பியது பெரிய காரியம். பலர் சேர்ந்து பிடிக்கும் பட்டத்தில் கயிற்றின் நுனி எப்போதும் மரத்திலோ ஆழமாக அடித்த கட்டையிலோ கட்டியிருக்க வேண்டும். யாரும் கயிற்றை இடுப்பிலோ கையிலோ சுற்றக்கூடாது. பிள்ளைகளிடம் இதை ஒருமுறை அல்ல, ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

சரி, இப்போது முச்சை, அதாவது பட்டத்தை ஏற்றும் நூலோடு இணைக்கும் மூன்று கால் நூல் கட்டு. நிலையில்லாத நாளில் பட்டத்தைக் காப்பாற்றுவது நூலின் பலத்தைவிட முச்சைதான். மேலிருந்து வரும் இரண்டு கால்களும் கீழிருந்து வரும் ஒரு காலும் சேரும் முடிச்சு எங்கே விழுகிறதோ, அதைப் பொறுத்துத்தான் பட்டம் காற்றுக்கு எவ்வளவு நெஞ்சைக் காட்டுகிறது என்பது இருக்கும். முடிச்சு மேலே போனால் பட்டம் படிந்து பறக்கும். காற்று வழுக்கிப் போகும், இழுவை குறையும். முடிச்சு கீழே வந்தால் பட்டம் நிமிர்ந்து நிற்கும். மெல்லிய காற்றையும் பிடிக்கும், ஆனால் பலத்த காற்றில் நூலை அறுக்கும். பெரும்பாலானோர் நல்ல காற்றில் ஒருமுறை சரிபார்த்து முடிச்சை இறுக்கிவிடுவார்கள். அது ஒரே சீரான நாளுக்குச் சரி. மாறும் நாளுக்கு, முடிச்சை நகர்த்தக்கூடியதாகக் கட்டுங்கள். கீழ்க்கால் நூலில் பேனையால் மூன்று அடையாளம் போட்டு வைக்கலாம்: மெல்லிய காற்றுக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, பலத்த காற்றுக்கு ஒன்று. ஆறடிப் பட்டத்தில் அடையாளங்களுக்கு இடையில் ஒரு விரல் அகலம் இருந்தால் போதும். அவ்வளவு சின்ன நகர்வு பட்டத்தின் குணத்தையே மாற்றிவிடும். வீட்டு முற்றத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. ஏற்றிப் பார்த்தே அடையாளம் போட வேண்டும்.

மழைக்கு இடைப்பட்ட காற்றில் எப்போதும் பலத்த காற்றின் அடையாளத்தில் வைத்தே ஏற்றுங்கள். பட்டம் கொஞ்சம் சோம்பலாகத்தான் எழும்பும், பரவாயில்லை. வாலையும் வழமையைவிட மூன்றில் ஒரு பங்கு நீளமாக விடுங்கள். வால் காற்றில் இழுபடும்போதுதான் பட்டத்தின் தலை ஆடாமல் நிற்கும். அதோடு ஒன்று: பட்டம் பக்கமாகச் சாய்ந்து குத்த வரும்போது கை தானாக நூலை இழுக்கும். இழுத்தால் இன்னும் வேகமாகக் குத்தும். நூலை விடுங்கள். இழுவை போனதும் வாலின் பாரம் பட்டத்தைத் திரும்ப நிமிர்த்தும்.

இறக்குவதிலும் இதே விதிதான். நின்ற இடத்தில் நின்று நூலைச் சுருட்டினால் பட்டத்துக்கு நீங்கள் இன்னும் கொஞ்சம் காற்றைக் கொடுக்கிறீர்கள். நுனியைக் கட்டிவைத்துவிட்டு, கையுறை போட்ட ஒருவர் நூலைக் கைக்கடியில் அமுக்கியபடி பட்டத்தை நோக்கி நடக்க வேண்டும். பட்டம் தாழ்ந்து வரும், இழுவையும் ஏறாது. பின்னால் வருபவர் நூலைச் சேர்த்துக்கொண்டு வரலாம். வல்வெட்டித்துறைக் கரையில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. வாடை கடலிலிருந்து வருவதால் பட்டம் ஊருக்கு மேலேதான் நிற்கும். நடந்து இறக்க வேண்டிய பாதையில் வீடுகளும் மதில்களும் மின்கம்பிகளும் இருக்கும். ஆகவே எங்கே நிற்பது என்று முடிவு செய்யும்போது உங்களுக்குப் பின்னால் இருக்கும் கடலைப் பார்க்காதீர்கள், முன்னால் இருக்கும் ஊரைப் பாருங்கள். திறந்த வளவு, விளையாட்டு மைதானம், வெறும் காணி இருக்கும் பக்கமாக நின்று ஏற்றுங்கள். மின்கம்பிக்கு மேலால் எந்த நூலும் போகக்கூடாது. நனைந்த நூலில் மின்சாரம் பாயும். கம்பியில் பட்டம் சிக்கினால் அதை அப்படியே விட்டுவிட்டு மின்சார சபைக்கு அறிவியுங்கள்; கொக்கத்தடியைத் தேடிப் போகாதீர்கள்.

கடற்கரையின் பெரிய அனுகூலம், தண்ணீருக்கு மேலால் வரும் காற்று வழுவழுவென்று வருவது. அலைவிளிம்புக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறீர்களோ அவ்வளவு நல்லது. நூறு மீற்றர் உள்ளே வந்தால் வீட்டுக் கூரையும் பனையும் காற்றை உடைத்துச் சுழிக்க வைத்துவிடும். அந்தச் சுழிப்புக்குள் முதல் முப்பது அடியைத் தாண்டுவதே பெரிய பாடு.

வெயில் நேரத்தில் இன்னொரு விசித்திரமும் நடக்கும். உயரத்தில் நிற்கும் பட்டம் திடீரென்று நேர் உச்சிக்கு வந்து, நூல் தொய்ந்து, யாரோ மேலிருந்து தூக்குவது போல ஏறும். சூடான தகரக் கூரையும் தார் வீதியும் மணலும் கீழேயிருந்து அனுப்பும் வெப்பக் காற்றுத் தூண் அது. பிராந்து சிறகை அடிக்காமல் வட்டம் போட்டு ஏறுவதும், வெளிநாடுகளில் எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்கள் மணிக்கணக்காகப் பறப்பதும் இந்தக் காற்றில்தான். பட்டத்துக்கு இதனால் வரும் ஆபத்து, தூண் நகர்ந்து போனதும் தொய்ந்த நூலோடு பட்டம் முன்பக்கமாக விழுவது. உச்சிக்கு வரும்போதே நூலைச் சேர்த்து இறுக்கமாக வைத்திருந்தால் தப்பலாம். அருகில் பிராந்து வட்டமிடுகிறதா என்று பார்த்துக்கொண்டால் முன்கூட்டியே தெரியும்.

விண்ணைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. வளைத்த மூங்கில் வில்லில் இழுத்துக் கட்டிய நாடா காற்றில் துடித்துக் கூவுவதுதான் விண். அதை வெறும் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். முந்நூறு மீற்றர் நூலின் அந்தப் பக்கத்தில் காற்று எப்படி இருக்கிறது என்று கீழே நிற்கும் உங்களுக்குத் தெரியாது. விண்ணுக்குத் தெரியும். ஒரே குரலில் நீட்டிக் கூவினால் மேலே காற்றுச் சீராக இருக்கிறது. குரல் ஏறி ஏறி இறங்கினால் காற்று விட்டு விட்டு அடிக்கிறது, நூலைக் குறையுங்கள். குரல் அடங்கி, கடல் பக்கம் மேகமும் கறுத்திருந்தால், மேலே நான் சொன்ன அந்தத் தளர்ச்சி வந்துவிட்டது என்று அர்த்தம். நூலில் விரலை வைத்துப் பார்த்தால் அதே அதிர்வு கைக்கும் வரும். பிள்ளைகளுக்கு இதைப் பழக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு நூலைத் தொட்டு “காற்று ஏறுது, இறங்குது” என்று சொல்லச் சொன்னால் ஒரு பின்னேரத்துக்குள் பிடித்துவிடுவார்கள்.

கட்டும் பொருளைப் பொறுத்தவரை, மழை சாத்தியமுள்ள நாளுக்கு ரிசு பேப்பரும் (மெல்லிய வண்ணத்தாள்) கோதுமை மாப்பசையும் சரிவராது. தூறல் பட்டாலே பேப்பர் தொய்யும், பசை கரையும். மெல்லிய பொலித்தீனில் கட்டி ஒட்டுநாடா போடுங்கள். அழகு குறைவுதான். எட்டுமூலை, கொக்கு என்று பேப்பரில் அழகாகக் கட்டிய பட்டம் இருந்தால் வெயில் உறுதியான நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூங்கில் சிலாகைகளை நடுவில் விரலில் நிறுத்திப் பார்த்து இரண்டு பக்கமும் பாரம் ஒன்றாகச் சீவுங்கள்; ஒரு பக்கம் கனத்தால் சீரான காற்றில் தெரியாது, மாறும் காற்றில் ஒரே பக்கம் சுற்றும். பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் மூன்றடிப் பட்டம் ஒன்றும் கட்டாயம் கொண்டுவாருங்கள். அதை முதலில் ஏற்றிக் காற்றைப் பார்க்கலாம், பெரியதை இறக்கிய நேரத்தில் அதையே விடலாம். ஐந்து நிமிட இடைவெளி கிடைத்தாலும் அது பறக்கும். என் எண்ணத்தில், நிலையில்லாத நாளின் உண்மையான பட்டம் அந்த மூன்றடிதான்.

இரவில் விடுவது பற்றி. பொழுதுபட்ட பிறகு நிலமட்டத்தில் காற்று அடங்கினாலும் சில நூறு அடிக்கு மேலே வாடை தொடர்ந்து அடிக்கும். அதனால்தான் பின்னேரமே ஏற்றிக் கட்டிவிட்ட பட்டம் விடிய விடிய நின்று விண் கூவுகிறது; இருட்டிய பிறகு புதிதாக ஏற்றப் போனால் எழும்பாது. வானம் வெளித்து, பகல் முழுக்க ஒரே வாடை அடித்த நாள் என்றால் தாராளமாக விடுங்கள். மின்குமிழ்ச் சரமும் பூட்டினால் பிள்ளைகள் நித்திரை கொள்ளவே மாட்டார்கள். பகலில் ஒரு மழையாவது வந்துபோன நாளில் விடாதீர்கள். கடற்கோடு இரவில் தெரியாது. மழைக்காற்று வந்தால் இருட்டில் நடந்து இறக்கவும் முடியாது. அறுந்தால் பல நூறு மீற்றர் நைலோன் நூல் யாரோ ஒருவரின் கூரையிலும் மின்கம்பியிலும் வீதிக்குக் குறுக்கிலும் கிடக்கும். காலையில் மோட்டார் சைக்கிளில் வருபவரின் கழுத்து உயரத்திலும் கிடக்கலாம். பலாலிப் பக்கத்துச் சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறீர்கள் என்றால் அங்கே பகலிலும் உயர விட வேண்டாம். 2019 ஒக்டோபரில் பலாலி விமானத்தளம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்த பிறகு அந்த வானத்தில் பயணிகள் விமானங்கள் தாழ இறங்குகின்றன.

கரைக்குக் கொண்டுபோக வேண்டியவை: ஆளுக்கொரு தோல் கையுறை, ஒரு கத்தி, ஒட்டுநாடா, இரண்டு உபரிச் சிலாகை, நூலைச் சுற்ற நல்ல கட்டை, பட்டத்தை மூட ஒரு தறப்பாள். முச்சை நூல் கொஞ்சம் கூடுதலாக வைத்திருங்கள். நனைந்து காய்ந்த முடிச்சு அவிழாது, வெட்டித்தான் புதிதாகக் கட்ட வேண்டிவரும்.